வரிமீனின் நெஞ்சமும் கொல்லாமை அறமும்

சைவ நன்மக்கள் கொல்லாமையை அறங்களுள் தலையாயதாகக் கொண்டொழுகுதல் யாவரும் அறிந்ததே. நாவின் சுவைக்காக ஓருயிரைக் கோறல் பாவமென்பதில் நம்மவருள் கருத்து வேற்றுமை இல்லை. திருமூல நாயனார் தம் முதல் தந்திரத்திலேயே கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தருளியதும் இது பற்றியே. ஆயின், சுவைக்காகவன்றி, நோயுற்ற ஒரு குழவியைக் காத்தற்பொருட்டு மற்றோருயிரின் உடம்பைக் கருவியாகக் கொள்ளலாமோ என்னும் வினா எழுமிடத்து விடை அத்துணை எளிதன்று. அவ்வினாவினைச் சித்தாந்த நெறிநின்று ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இஃது ஏட்டளவில் நின்ற வினாவன்று. எமதூராகிய கல்லாவி, கிருட்டிணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வட்டத்தில் உள்ளது. பிழைப்பின்பொருட்டும் மருத்துவத்தின்பொருட்டும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்வோர் இப்பகுதியிற் பலர். எம்பால் திருமுறை பயின்ற அன்பர் ஒருவரின் மகள் பெங்களூரில் உயிர்நூல் ஆராய்ச்சி மாணவியாக இருக்கின்றார். பிறந்தது முதல் புலால் அறியாத அப்பெண் நாள்தோறும் கையாள்வது மீன் முட்டைகளை. "ஐயா, யான் செய்வது கொலையா, தொண்டா?" என்று அவர் வினவியபோது, ஒரு சொல்லில் விடை கூறி அமைதல் எமக்கு இயலவில்லை. நெஞ்ச நோய்க்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் முதியோர் நம் மடங்களிலும் உளர். நம் இல்லங்களிலும் உளர். ஆகலின் இவ்வினா அப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. நம் எல்லார்க்கும் உரியது.

முதற்கண், பொருளின் இயல்பை உள்ளவாறு அறிதல் வேண்டும். அறியாது கூறும் தீர்ப்பு அறமாகாது.

வரிக்குதிரை மீன் என வழங்கும் இச்சிறு மீன் நம் பாரத நாட்டு நீர்நிலைகட்கு உரியது. கங்கை, பிரமபுத்திரை ஆறுகளைச் சார்ந்த ஓடைகளிலும் வயல்களிலும் வாழ்வது. 1800ஆம் ஆண்டு மைசூர்ச் சீமையைச் சுற்றி வந்து நூலெழுதிய பிரான்சிசு புக்கானன் என்னும் ஆமில்டன் துரையே, பின்னர் 1822இல் வெளியிட்ட கங்கையாற்று மீன்கள் பற்றிய நூலில் இதனை முதன்முதல் வரைந்து பெயரிட்டார். இதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம்; உடல் நெடுகிலும் நீலக் கோடுகள் உண்டு. ஈண்டு நாம் இதனைச் சுருக்கமாக வரிமீன் என்போம். அமெரிக்க நாட்டு ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சியார்ச்சு இசுற்றைசிங்கர் என்பார் இம்மீனை ஆராய்ச்சிக்கு உரியதாக்கி 1981இல் தம் முடிபுகளை வெளியிட்டார். 1996இல் செருமனியின் டியூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் இருந்த அறிஞர் குழுவினர் உறுப்புக்குறை கொண்ட பல்லாயிரம் வரிமீன் கருக்களை ஆராய்ந்து, நெஞ்சம் முதலிய உறுப்புக்கள் எவ்வெம் மரபணுக்களால் அமைகின்றன என்பதற்கு வழி கண்டனர்.

இம்மீனை நெஞ்ச நோய் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தாயுடலுக்கு வெளியே வளரும் இதன் கரு கண்ணாடி போன்று ஒளி ஊடுருவுவது. கருவுற்ற ஒரு நாளிலேயே நெஞ்சம் துடிக்கத் தொடங்குவதை உருப்பெருக்கிக் கண்ணாடியின்வழி, உடலைக் கீறாமலே காணலாம். இரண்டாவது, அக்கரு மிகச் சிறிதாகலின் சூழ்ந்த நீரிலிருந்தே உயிர்வளி அதனுட் புகும். எனவே நெஞ்சம் பழுதுற்றுக் குருதி ஓடாவிடினும் சில நாள் உயிரோடிருக்கும். எலியின் கருவாயின் அந்நிலையில் மடிந்துவிடும். மூன்றாவது, 2013இல் இம்மீனின் மரபணுத் தொகுதி முழுதும் வெளியிடப்பட்டபோது, மனித மரபணுக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபதுக்கு இம்மீனில் இணையுண்டு என்பது தெளிவாயிற்று. மனித நெஞ்சம் நான்கு அறைகளை உடையது. மீன் நெஞ்சம் இரண்டே அறைகளை உடையது. ஆயினும் தசை சுருங்குதற்கும் துடிப்பின் ஒழுங்குக்கும் உரிய அடிப்படை இரண்டிற்கும் ஒன்றே.

நம் நாட்டவர்க்கு இவ்வாராய்ச்சி எங்ஙனம் தொடர்புடைத்து எனின், கூறுதும். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஐதராபாது உயிரணு மூலக்கூற்று ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றைச் சார்ந்த அறிஞர் 2009இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். நெஞ்சத் தசைப் புரதம் ஒன்றை ஆக்கும் மரபணுவில் இருபத்தைந்து எழுத்துக்கள் விடுபட்ட குறையொன்று, நம் நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உளதென்பதும், அது பிற்காலத்தில் நெஞ்சத் தளர்ச்சிக்கு ஏதுவாதல் கூடுமென்பதும் அவ்வுண்மையாம். பின்னர் 2014இல் தண்டபாணி முதலிய அறிஞர், நெஞ்சம் விரிந்து தளரும் நோயுடையார் 513 பேரையும், ஒப்பிடற்குரிய 1,150 பேரையும் ஆராய்ந்தனர். தென்னிந்தியர், வடவிந்தியர், சப்பானியர் என்னும் மூவகையினருள் குழவிப் பருவத்திலேயே இந்நோய் தோன்றியவருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பதின்மரிடம் ராஃப்-ஒன்று என்னும் மரபணுவில் குறை கண்டனர். அக்குறை நோய்க்கு ஏதுவா, அன்றி உடனிகழ்வதா என்பதை எங்ஙனம் துணிவது? குறையுடைய அம்மரபணுவை வரிமீன் கருக்களில் இயங்கச் செய்தனர். மீன் கருவின் நெஞ்சமும் தளர்ந்தது. ராபமைசின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது அத்தளர்ச்சி நீங்கியது. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த இம்மருந்து, உறுப்பு மாற்றிவைத்தார்க்கு முன்னரே வழங்கிவருவது. மீனிற் கண்ட அளவிலேயே குழவிகட்கு மருந்து கிடைத்துவிட்டதென்று கருதற்க. ஏது இன்னதென்று துணிதற்கு அது வழி திறந்தது என்க. ஒரு குடும்பத்தில் காரணமறியாது குழவிகள் மடியுமாயின், அக்காரணத்தை அறிதல் பெற்றோர்க்கு எத்துணைப் பெரிதென்பதை அந்நிலையில் இருந்தாரே அறிவர்.

இனி, சித்தாந்த நெறியில் இம்மீன் யாது என்பதைக் காண்போம். எண்பத்துநான்கு இலட்சம் யோனி பேதங்களுள் நீர்வாழ்வன பத்து இலட்சம் என்பது நம் நூல்வழக்கு. முட்டையிற் றோன்றும் அண்டசத்துள் மீன் அடங்கும். அதனுள் உறைவதும் அநாதியாய் ஆணவ மலத்தால் மறைப்புண்ட உயிரே. அவ்வுயிர்க்கும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் அதன் வினைக்கீடாக இறைவனால் அளிக்கப்பட்டன. நம்முடம்பு எதற்கோ அதன் உடம்பும் அதற்கே; வினையை நுகர்ந்து மலபரிபாகம் எய்துதற்கே. அறிவு விளக்கத்தில் ஏற்றத்தாழ்வு உண்டெனினும் உயிர்த்தன்மையில் வேற்றுமை இல்லை. மனுச்சோழன் ஆன்கன்றின் உயிர்க்கு ஈடாகத் தன் ஒரு மகனையே தேர்க்காலில் இட முற்பட்டான் என்று சேக்கிழார் பெருமான் கூறியருளினார். மகன் உயிரும் கன்றின் உயிரும் அவ்வரசன் துலாக்கோலில் ஒரு நிறையாக நின்றமை காண்க.

இவ்விடத்து நுண்ணிதாக நோக்கற்பாலது ஒன்றுண்டு. வரிமீன் மனிதனை ஒத்திருத்தலினாலன்றோ அதனிடத்து ஆராய்ச்சி பயன்படுகின்றது? ஒப்புமை மிகுந்தால் பயன் மிகும். அதனோடு உறவும் மிகும். ஒப்புமை குறைந்தால் பழி குறையும். அதனோடு பயனும் குறையும். "அஃது ஓர் அற்பப் புழு; அதன்பால் இரக்கம் வேண்டா" என்பாரும், "அதன் நெஞ்சம் நம் நெஞ்சமே" என்பாரும் ஒருவராகவே இருத்தல் பொருந்தாது. நெஞ்சத் தசை சடமாகலின் அதன் ஒப்புமை நோவுணர்வின் ஒப்புமையைக் காட்டாதே எனின், உண்மையே. ஆயினும் நீலகிரி ஓடைகளிலும் விடப்பட்டுள்ள டிரவுட் என்னும் மீனின் தலையில், தீங்கு தாக்குங்கால் எழுச்சியுறும் நரம்புமுனைகள் உள என்பதை 2003இல் பிரித்தானிய அறிஞர் நிறுவினர். மீன் நோவறியாது என்று துணிந்துரைத்தல் இனி அரிது.

மாறுபடுவார் கூறும் தடைகளை இனி ஆராய்வோம்.

"மீன் படும் துன்பம் அதன் பிராரத்த வினை, ஆராய்ச்சியாளன் கருவி மாத்திரமே, அவனுக்குப் பழி யாது?" என்பர் சிலர். இது வினைக்கொள்கையை அரைகுறையாகக் கற்றார் கூற்று. நுகரும் உயிர்க்கு அது பிராரத்தமே ஆயினும், செய்யும் உயிர்க்கு அது ஆகாமியம். வினைப்பயனை ஊட்டுதல் முற்றறிவுடைய முதல்வனது தொழில். எவ்வுயிர்க்கு எவ்வினை எப்பொழுது முதிரும் என்றறியாத நாம் அத்தொழிலை மேற்கொண்டதாகக் கூறுதல் ஆணவத்தின் செயலேயாம். இத்தடையை ஒப்புவோமாயின் கள்வனும் கொலைஞனும் இதனையே கூறித் தப்புவர்.

"இறைவனுக்கு மறக்கருணை உண்டன்றோ? மருத்துவன் புண்ணை அறுப்பதும், தந்தை மகனை ஒறுப்பதும் அருளே என்று நம் நூல்கள் கூறுகின்றனவே. அதுபோல் இதுவும் மறக்கருணை ஆகாதோ?" என்பர் வேறு சிலர். இது முன்னையதினும் வலிய தடை. ஆயினும் நிற்பதன்று. என்னை? மறக்கருணையின் இலக்கணம், ஒறுக்கப்படும் உயிரே அதனால் உய்தி பெறுதல். அறுவையுற்றவனே நோய் நீங்குகின்றான். ஒறுக்கப்பட்ட மகனே திருந்துகின்றான். ஈண்டோ, துன்புறுவது மீன். பயன் பெறுவது மனிதன். ஒருவனுடலை அறுத்து மற்றொருவனுக்கு மருந்து செய்தலை மறக்கருணை என்றல் அச்சொல்லைப் பழித்தலாகும். ஆகலின் இச்செயல் கருணையின்பாற் படுமேல், அது குழவியிடத்துக் கொண்ட கருணையே, மீனிடத்துக் கொண்டதன்று.

"ஆயிரமாயிரம் மீன்கள் நாள்தோறும் உணவுக்காக மடிகின்றன, ஆய்வுச்சாலையின் சில மீன்களுக்கு இரங்குவானேன்?" என்பது மூன்றாவது தடை. பெரும்பழி ஒன்று உண்மையால் சிறுபழி பழியன்றாகிவிடாது. ஆயினும் இதன்கண் ஒரு நியாயம் உண்டு. புலாலுணவை மறாது ஆய்வுச்சாலையை மட்டும் பழிப்பார் முன்னுக்குப்பின் முரணுவோரே. கிருட்டிணகிரி அணையின் மீனை விலைக்கு வாங்கிப் போகும் ஒருவர், குழவி நோய்க்கு மருந்து தேடும் பெண்ணைக் கொலைகாரி என்பாராயின் அது நகைப்பிற்கிடமாம்.

இனி மறுதலையில் நின்று, "இவ்வாராய்ச்சி முழுதும் ஒழிக" என்பார்க்கு யாம் கூறுவது: நோயுற்ற குழவியின் முகத்தை நோக்கி அதனைக் கூறுக. மானிடப் பிறவி பெறற்கரியது என்பதும் நம் நூற்றுணிபே. அப்பிறவியிலன்றோ உயிர் சரியை முதலிய நெறிகளில் நின்று வீட்டுக்குரியதாகின்றது? அதனை இளமையிலேயே நோய்க்கு இரையாக விட்டுக் கையைக் கட்டியிருத்தலும் அறமாகாது. இருபாலும் உயிர் நிற்றலினாலேயே இவ்வினா அரிதாயிற்று.

கருவைப் பற்றியும் ஒரு சொல் கூறற்பாலது. ஐரோப்பிய நாடுகளின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், மீன்குஞ்சு தானே இரை தேடும் பருவம் முதலாகவே அதனைக் காக்கப்படும் விலங்காகக் கொள்ளும். வரிமீனுக்கு அப்பருவம் ஐந்தாம் நாளென்று கொள்வர். ஐந்தாம் நாளில் புதிதாக ஓருயிர் வந்து புகுவதன்று. உயிர் முன்னரே உண்டு. ஆயின் கரணங்கள் நிரம்பாதவழி உயிர்க்கு அறிவும் நுகர்ச்சியும் விளங்கா. கேவலத்தை ஒத்ததொரு மறைப்பில் அது கிடக்கும். ஆகவே இவ்வெல்லை உயிர் உண்மைக்கு எல்லையன்று. துன்ப நுகர்ச்சிக்கு எல்லையாகக் கொள்ளுதல் ஏற்கும். கருவளவில் நிற்கும் ஆய்வு, வளர்ந்த மீனை வருத்தும் ஆய்வினும் பழி குறைந்தது. 2002இல் அமெரிக்க அறிஞர் வளர்ந்த வரிமீன்களின் நெஞ்சக் கீழறையில் ஐந்திலொரு பகுதியை வெட்டி நீக்கி, இரண்டு திங்களில் அது மீள வளர்தலைக் கண்டனர். மனித நெஞ்சத்துக்கு இல்லாத அவ்வாற்றலை அறிந்தது அரிய அறிவே. ஆயினும் அதன் விலை கருவாய்வின் விலையினும் மிகுதி என்பதை மறத்தலாகாது. கருவாய்விலும் பழி இன்றாகிவிடவில்லை. நோவு இல்லையாயினும் உய்தற்குக் கிடைத்த ஓர் உடம்பை அவ்வுயிர் இழந்ததன்றோ?

இவ்வாற்றான் யாம் துணிந்தது இது. தன்னுடைமையைக் கொடுத்தல் ஈகை. பிறருடைமையை எடுத்துக் கொடுத்தல் கடன். கண்ணப்ப நாயனார் அப்பிய கண் அவருடையது; ஆகலின் அஃது அன்பின் முடிவாயிற்று. அதிபத்த நாயனார் நாகையில் வலைவீசி வாழ்ந்தவர். முதல் மீனை இறைவனுக்கென்று கடலில் விட்டவர், ஒரு நாள் ஒரே மீன் கிடைத்தபோதும் தம் பசியைப் பொறுத்து அதனையும் விட்டார். பொன்மீன் கிடைத்தபோதும் விட்டார். அவர் விட்டது தமக்குரியதாக உலகங் கருதிய ஒன்றை. ஆய்வுச்சாலையில் மடியும் மீனோ தன்னைக் கொடுத்ததன்று. கொடுக்க அதற்கு அறிவுமில்லை, உரிமையுமில்லை. மேனாட்டு ஆய்வேடுகளில் விலங்கைக் கொன்றமையைக் கூறுமிடத்துக் கொன்றோம் என்னாது பலியிட்டோம் என்று பொருள்படும் சொல்லை வழங்கும் மரபு நெடுநாளாக உண்டு. அது பொருந்தாது. பலி என்பது தெய்வத்தை நோக்கியது. ஈண்டு நோக்கப்பட்டது நம் நலனே. உள்ளதை உள்ளவாறு கூறுதல் இவ்வறத்தில் முதற்படி.

அங்ஙனமாயின் அம்மாணவியின் பணி கொலையா, தொண்டா? இரண்டும் விரவியதென்க. நோக்கத்தால் தொண்டு, செயலின் ஒரு கூற்றால் கொலை. நோக்கத்தின் தூய்மை பழியைக் குறைக்கும், கழுவிவிடாது. ஆகலின் அதனைக் கடனெனக் கருதிச் செய்க. கடன் வாங்குவோன் வேண்டிய அளவே வாங்குவான். வாங்கியதைக் கணக்கு வைப்பான். தீர்க்கும் வழி தேடுவான். 1959இல் இரசல், பர்ச்சு என்னும் இருவர் ஆராய்ச்சியாளர்க்கு மூன்று நெறி வகுத்தனர்: விலங்கின்றி இயலுமேல் விலங்கை விடுதல், இயலாதேல் எண்ணிக்கையைக் குறைத்தல், செய்யுங்கால் துன்பத்தைத் தணித்தல். நம் நாட்டு 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், இயலும் இடமெல்லாம் விலங்காய்வைத் தவிர்க்க என்றும், கைப்பழக்கத்தின்பொருட்டு மட்டும் செய்யற்க என்றும் கூறுகின்றது. பெருவிலங்குக்கு ஈடாகச் சிறுவிலங்கைக் கொள்க என்பதும் அச்சட்டத்தின் கருத்து. நோவறியும் ஆற்றலின் குறைவு பற்றி அதனை ஏற்கலாம். உடம்பின் சிறுமை பற்றி ஏற்றல் ஆகாது. உயிர்க்கு அளவில்லை. ஓர் எலிக்கு ஈடாக நூறு மீன் மடியுமேல் கடன் குறைந்ததா, பெருகியதா என்பதை அவ்வத்துறையார் நின்று எண்ணுக.

கடனைத் தீர்க்கும் வழியும் இன்று புலப்படத் தொடங்கியுள்ளது. சப்பானிய அறிஞர் யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும், தோலின் உயிரணுவை மீளவும் முதனிலை உயிரணுவாக்கிக் காட்டினார். அதிலிருந்து துடிக்கும் நெஞ்சத் தசையையே கலத்தில் வளர்க்கின்றனர். நோயாளர் மனமுவந்து கொடுத்த சிறிது தோலோ குருதியோ இதற்குப் போதும். 2023இல் நம் அரசு புதுமருந்து விதிகளைத் திருத்தி, விலங்கினிடத்தன்றி இத்தகைய வழிகளாற் பெற்ற சான்றுகளுக்கும் இடந்தந்தது. முழுநெஞ்சின் இயக்கத்தையும் உடல் முழுதும் மருந்து செய்வதையும் இவ்வழி இன்னும் காட்டவல்லதன்று. ஆயினும் மனிதன் நோய்க்கு மனிதன் தன்னுடைமையைத் தானே கொடுத்தலாகிய இது, எடுத்தலினின்று ஈகைக்கு மீளும் வழி. சைவர் இதனை விரைந்து ஆதரித்தல் தகும். ஆராய்ச்சிக்குக் குருதியும், இறந்தபின் உடலும் உறுப்பும் கொடுக்க முன்வருதல் கண்ணப்பர் வழியில் ஒரு சிறிது நிற்றலாம்.

மாத்திரை உண்ணும் நாமும் கடனாளரே. மீனைக் கையாலும் தொடாத ஒருவர் உண்ணும் மாத்திரையின் பின்னும் பல உயிரின் இழப்பு உண்டு. அதனை எண்ணி மருந்தை வெறுத்து உயிர்விடுதல் வேண்டா. உடம்பைப் பேணுதலும் அறமே. ஆயின் பெற்ற மருந்தை வீணாக்காதும், புகையிலையானும் மிகையுணவானும் நெஞ்சைத் தாமே கெடுத்துக்கொள்ளாதும், நாச்சுவைக்காக ஓருயிரையும் கொல்லாதும் வாழ்தல் அக்கடனுக்கு வட்டியாவது கட்டுதலாகும். அங்ஙனம் காக்கப்பட்ட உடம்பைத் திருத்தொண்டில் செலுத்துதல் முதலையே கட்டுதலாகும். பிறவுயிரின் உடம்பால் நீண்ட வாழ்நாளை வம்பிலும் வழக்கிலும் கழிப்பாராயின், பழி ஆய்வுச்சாலையில் இல்லை, அவர்பாலே உளது.

இத்துணிபில் மாறுபாடு காணும் அறிஞர் தம் கருத்தை இவ்விதழ்வாயிலாகவே எழுதி விளக்குவாராக. நம் மடங்களில் இத்தகைய வினாக்கள் எழாதன போல் ஒதுக்கப்படின், நாளை ஆய்வுச்சாலைகளில் பணிசெய்யும் நம் பிள்ளைகள் நம்மிடம் வந்து வினவமாட்டார்கள். வினவுதற்கே கூசித் தாமே ஏதோ ஒன்றைத் துணிந்து, இரக்கத்தை விட்டேனும் திருநெறியை விட்டேனும் ஒழுகுவர். அவ்விரண்டனுள் எதுவும் நேராவண்ணம் காத்தல் கற்றார் கடன்.